புள்ளி மறைந்ததும் கேசரி கிண்டினார்கள்! பத்தாம் நாள் மீன்கள் செத்து மிதந்தன!!

வீட்டில் கடல் மீன் வளர்ப்போர் கவனத்துக்கு...

சென்னை பெரம்பூரில் ஒரு குமாஸ்தா வீடு. முன் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே ஏறக்குறைய 190 லிட்டர் உப்புத் தண்ணீர். விளக்கு எரிகிறது. மோட்டார் ஓடுகிறது. குமிழி கிளம்புகிறது.

ஆனால், ஒரு மீன் கூட இல்லை!

"காலித் தொட்டிக்கு எதுக்குப்பா லைட்டு? கரண்டு பில்லை யார் கட்டறது?" என்று வந்தவர் போனவர் எல்லாம் கேட்டார்கள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. 76 நாள் அந்தத் தொட்டி அப்படியே இருந்தது.

ஏன் அப்படி? அந்தக் கதையைக் கேட்டால், வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் யாருக்கும் பயன்படும்.

ஆசை பிறந்தது

குமாஸ்தாவின் மகள் 6-ம் வகுப்பு மாணவி. 2003-ம் ஆண்டு வெளியான "ஃபைண்டிங் நெமோ" என்ற கார்ட்டூன் படத்தை டி.வி.யில் பார்த்துவிட்டு, "அந்த ஆரஞ்சு மீன் வேணும்ப்பா" என்று பிடிவாதம் பிடித்தாள். உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்தான் அது.

கொளத்தூர் பக்கம் வண்ண மீன் தொழில் கொடிகட்டிப் பறப்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும். பெரும்பாலும் நன்னீர் மீன்கள். தங்க மீன், கப்பி, ஏஞ்சல் போன்றவை. கடல் மீன் விற்கும் கடைகளும் உண்டு.

கோமாளி மீன் கடலில் பிடிபட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி மையம் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையைக் கண்டு, அக்கம்பக்கத்து மக்களுக்கும் கற்றுக் கொடுத்திருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டி வாழ்க்கைக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

சமையல் உப்பு ஆகாது!

கடல் மீன் என்றதும், "ரெண்டு கிலோ கல் உப்பைக் கரைச்சு ஊத்திட்டா போச்சு" என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு.

சமையல் உப்பு என்பது சோடியம் குளோரைடு மட்டுமே. கடல் தண்ணீரில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் என்று வேறு பல சரக்குகளும் உண்டு. அவை எல்லாம் சேர்ந்த கலவை உப்பு தனியாக விற்கிறது. லிட்டருக்கு 35 கிராம் போட வேண்டும். 190 லிட்டர் தொட்டிக்கு ஆறரை கிலோவுக்கு மேல் பிடிக்கும்.

"மெரினாவிலே ரெண்டு குடம் மொண்டு வந்தா செலவே இல்லையே?" என்று கேட்கலாம். வடக்கே நேப்பியர் பாலத்தருகே கூவம் கடலில் சேருகிறது. தெற்கே அடையாறு சேருகிறது. அந்தத் தண்ணீரை மொண்டு வந்து மீனுக்கு விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

இன்னொன்று. தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால், உப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்பக் கூடாது. ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும். சுண்டிப் போன ரசம் கரிப்பது போல, தொட்டியும் கரிக்கும். ஆகவே, குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் விட வேண்டும்.

குமாஸ்தா இதை எல்லாம் ஒழுங்காகச் செய்தார். மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியாக்கள் தொட்டியில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு, ஜோடி கோமாளி மீனும், டேம்சல் என்ற சின்ன மீன் மூன்றும் வந்தன. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த வினை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளின் பிறந்த நாள். அதே படத்தில் வரும் நீல மீனையும் வாங்கி வந்தார். கடையில் அதற்கு புளூ டாங் என்று பெயர். வளர்ந்தால் ஓர் அடி வரும். 3 அடித் தொட்டிக்கு அது பெரிய உருப்படி. அது முதல் தவறு.

பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, கால் மணி நேரம் கழித்து நேராகத் தொட்டிக்குள் விட்டார். அது இரண்டாவது தவறு. பெரிய தவறும் அதுதான்!

நடந்ததை அவர் கூறியதாவது:-

"வியாழக்கிழமை காலையிலே பார்க்கிறேன் சார், நீல மீன் உடம்பெல்லாம் ரவை தூவினாப்பலே வெள்ளைப் புள்ளி. கல்லிலே போய் உடம்பைத் தேய்க்குது. கடைக்கு ஓடினேன். ஒரு பாட்டில் கொடுத்து, 'தினம் பத்து சொட்டு விடுங்க சார், சரியாப் போயிடும்'னாங்க. விட்டேன். திங்கட்கிழமை பார்த்தா ஒரு புள்ளி இல்லே! மீன் பளபளன்னு இருக்கு. வீட்டிலே சந்தோஷத்திலே கேசரி கிண்டினாங்க."

அடுத்த வாரம் புதன்கிழமை புள்ளிகள் திரும்பி வந்தன. இந்தத் தடவை எல்லா மீன் மேலும்! செவுளுக்குள்ளும் புகுந்ததால், மீன்கள் மூச்சு வாங்கின. வியாழக்கிழமை நீல மீன் செத்து மிதந்தது. சனிக்கிழமைக்குள் டேம்சல் மூன்றும் போயின. மிஞ்சியவை கோமாளி ஜோடி மட்டுமே.

"மருந்துதானே கேட்டுது? அப்புறம் ஏம்ப்பா செத்துப் போச்சு?" என்று மகள் அழுதாள். அவருக்குப் பதில் தெரியவில்லை.

மருந்து கேட்கவே இல்லை!

பதில் இதுதான். மருந்து கேட்கவே இல்லை. புள்ளி மறைந்தது நோயின் இயல்பு. ஒரு சொட்டு விடாமல் இருந்தாலும் அந்தத் திங்கட்கிழமை புள்ளி மறைந்துதான் இருக்கும்!

இதற்குக் காரணம் ஒரே செல்லால் ஆன ஓர் ஒட்டுண்ணி. அதன் பெயர் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். அதன் வாழ்க்கை மூன்று கட்டம் கொண்டது.

முதல் கட்டம்: மீனின் தோலுக்கு அடியில் புகுந்து 3 முதல் 7 நாள் தின்று கொழுக்கும். நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி இதுதான். தோலுக்குள் இருப்பதால், தண்ணீரில் விடும் மருந்து அதைத் தொடாது.

இரண்டாம் கட்டம்: வயிறு நிறைந்ததும் தானாகவே மீனை விட்டு விழுந்துவிடும். மணலிலோ, கல்லிலோ, கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்ளும். உள்ளே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகும். இந்த உறையையும் மருந்து துளைக்காது.

மூன்றாம் கட்டம்: உறை வெடித்துக் குஞ்சுகள் நீந்தும். ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் அவை செத்துப் போகும். மருந்துக்குச் சிக்குவது இந்த நேரத்தில் மட்டும்தான்.

ஆக, புள்ளி மறைந்த அன்று நோய் போகவில்லை. மீனிடம் இருந்து மணலுக்கு வீடு மாறி இருக்கிறது! கேசரி கிண்டிய நேரத்தில், கீழே படை திரண்டுகொண்டு இருந்தது.

பரந்த கடலில் இதே ஒட்டுண்ணி இருந்தும் மீன் கூட்டம் அழிவது இல்லை. நீந்தி வரும் குஞ்சுகளில் பெரும்பாலானவை மீன் கிடைக்காமலே செத்துவிடும். 3 அடித் தொட்டியிலோ, எந்தப் பக்கம் நீந்தினாலும் மீன்தான்!

சூடும் உப்பும் பலிக்காது

நன்னீர் மீனுக்கும் வெள்ளைப் புள்ளி நோய் உண்டு. அது வேறு ஒட்டுண்ணி. அதற்குத் தண்ணீரைச் சூடாக்குவதும், கல் உப்புப் போடுவதும் கைகண்ட வைத்தியம். அதே வைத்தியத்தைக் கடல் மீனுக்குச் செய்தால் பலிக்காது. உப்புத் தண்ணீரில் பிறந்து வளரும் கிருமிக்கு உப்பைக் காட்டி என்ன பயன்?

தாமிர மருந்து கேட்கும். மயில் துத்தத்தில் இருக்கும் தாமிரம்தான் அது. ஆனால், கண் திட்டத்துக்குப் போடும் சமாச்சாரம் இல்லை. லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லி கிராம் தாமிரம். அதற்குக் குறைந்தால் கிருமி சாகாது; கூடினால் மீன் செத்துவிடும். தினமும் அளந்து பார்த்து, குறைந்தது 3 வாரம் அந்த அளவிலேயே வைத்திருக்க வேண்டும். அளக்கும் சோதனைப் பெட்டி இல்லாதவர்கள் தாமிரத்தின் பக்கமே போகக் கூடாது.

மணலும் கல்லும் உள்ள தொட்டியில் தாமிரம் போடவே கூடாது. நண்டு, இறால், சங்குப் பூச்சி எல்லாம் பலியாகும். கல்லும் மணலும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

இரண்டு பிளாஸ்டிக் டப்

மருந்தே இல்லாத ஒரு வழியும் உண்டு. குமாஸ்தா கடைசியில் பிடித்தது அதைத்தான். செலவு, இரண்டு பிளாஸ்டிக் டப்பும் ஒரு சின்ன ஏர் பம்பும், கொஞ்சம் உப்பும்.

முதல் டப்பில் புது உப்புத் தண்ணீர் நிரப்பி, மீனை விட வேண்டும். மணல், கல் எதுவும் கூடாது. மூன்றாம் நாள் முடிந்ததும், அதே சூடும் அதே உப்பும் உள்ள இன்னொரு சுத்தமான டப்புக்கு மீனை மாற்ற வேண்டும். பழைய டப், வலை, காற்றுக் குழாய் எல்லாவற்றையும் கழுவி, நன்றாக வெயிலில் காயவைக்க வேண்டும். காய்ந்தால் உறைகள் செத்துவிடும். இப்படி 4 தடவை மாற்றினால் 12 நாள்.

கணக்கு எளிது. மீனை விட்டு விழுந்த ஒட்டுண்ணி உறையில் இருந்து வெளியே வர குறைந்தது 3 நாள் ஆகும். அதற்குள் மீன் வேறு வீட்டுக்குப் போயிருக்கும்! தோலில் இருப்பவை ஒவ்வொன்றாக விழுந்து, பழைய டப்போடு ஒழியும்.

மேலே வலை மூடி அவசியம். கோமாளி மீன் துள்ளிக் குதித்துவிடும். டப்பில் தண்ணீர் குறைவு என்பதால் தீனியும் அளவாகத்தான் போட வேண்டும்.

76 நாள் ஏன்?

மீன் தேறியாயிற்று. பழைய தொட்டியில் உறைகள் இருக்கின்றனவே? சில உறைகள் 72 நாள் வரை காத்திருந்து வெடிப்பதாக ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். ஆகவே, 76 நாள் தொட்டியில் மீனே இருக்கக் கூடாது. வெடித்து வரும் குஞ்சுகள் பட்டினியால் மடியும். நல்ல பாக்டீரியாக்கள் சாகாமல் இருக்க மோட்டார் ஓடவேண்டும். அவற்றுக்காக ஒரு சிட்டிகை தீனியும் விழவேண்டும்.

12 நாள் கழித்து, கோமாளி ஜோடி சமையல்கட்டு மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டிக்குப் போனது. கூடத்துத் தொட்டி காலி.

நாற்பதாம் நாள், அவருக்கே பொறுக்கவில்லை.

"ஏங்க, ஒரு புள்ளியும் இல்லையே, மீனை எடுத்து விட்டுடலாமே" என்று மனைவியும் சொன்னார். வலையைக் கையில் எடுத்துவிட்டார்.

மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"புள்ளி இல்லேன்னுதானேப்பா அன்னிக்கும் கேசரி சாப்பிட்டோம்?" என்றாள்.

வலை ஆணிக்குத் திரும்பியது.

அன்றாடம் கிழிக்கும் தினசரி காலண்டர் தாள்களை அவள் பென்சில் டப்பாவில் சேர்த்து வந்தாள். 76 தாள் சேர்ந்த மறுநாள் மாலை, கோமாளி ஜோடி பழைய வீட்டுக்குப் போனது. இரண்டும் மூலையில் இருக்கும் அதே கல்லுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டன. நாம் பார்க்கும்போது அங்கேதான் இருந்தன.

நீங்கள் செய்ய வேண்டியது

புது மீன் எதுவானாலும் முதலில் தனி டப்பு. 12 நாள் மாற்றி மாற்றி வைத்து, பிறகே தொட்டி. இதைச் செய்தால் 76 நாள் தவம் தேவைப்படாது.

புள்ளி ரவை போல் இல்லாமல், பவுடர் பூசியது போல் மிக மெல்லிசாக இருந்து, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது வெல்வெட் நோய். ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். அன்றைக்கே மீன் மருத்துவம் தெரிந்தவரைப் பாருங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

சித்திரை, வைகாசியில் தண்ணீர்ச் சூடு 30 டிகிரியைத் தாண்டும். 25 முதல் 27 டிகிரிதான் நல்லது. தண்ணீர் மேல் ஒரு சின்ன ஃபேன் காற்று பட்டால் சூடு குறையும். கரண்டு போனால் மீனுக்கு மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

அழகுக்காகப் பவளப் பாறையோ கடல் குதிரையோ யாராவது கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இரண்டும் உண்டு. வைத்திருந்தால் ஜெயில்தான்!

கடைசியாக ஒன்று. புள்ளி மறைந்தால் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். டப்பை எடுங்கள். கேசரியை 76 நாள் கழித்துச் சாப்பிடலாம்.

பெரம்பூர் வீட்டில் அப்படித்தான் சாப்பிட்டார்கள். நமக்கும் ஒரு தட்டு கிடைத்தது.