சுத்தமான தண்ணீரில் பட்டினி

ஒரகடத்திலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டலூர், கேளம்பாக்கம் தாண்டிக் கோவளம் வரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். கார் தொழிற்சாலைகளும் கண்டெய்னர் லாரிகளுமாக இருக்கும் இந்தப் பக்கத்தில், வாடகை ஃபிளாட்டின் ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டிக் கடலை வைக்க ஆசைப்படுகிறவர் அதைக் கையாலேயே தயாரித்தாக வேண்டும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. சமையல் உப்பு உதவாது. மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்புக் கலவை வேண்டும். தண்ணீரும் போர்வெல்லில் இருந்து வரக்கூடாது, ஆர்.ஓ.வில் இருந்துதான்.

சரி, தொட்டிக்குள் எதை விடுவது? வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பவளம் தேடிக் கிளம்புகிறவர்களைச் சட்டம் வாசலிலேயே மறிக்கிறது. 2001-இல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலி இருக்கும் அதே அட்டவணை. உயிருள்ளதோ செத்ததோ, பவளத்தை வாங்குவதும் விற்பதும் குற்றம். கடற்குதிரைக்கும் இதே கதைதான்.

பவளம் இல்லாத தொட்டிக்குப் பூப்போல அழகு சேர்க்க வருவதுதான் ஃபெதர் டஸ்டர். பெயருக்கேற்ப, ஒட்டடை தட்டும் இறகுக் குச்சியைத் தலைகீழாக நட்டுவைத்தது போல இருக்கும். பார்ப்பவர்கள் செடி என்றே நினைப்பார்கள். உண்மையில் இது மண்புழுவுக்குத் தூரத்துச் சொந்தம். தன் உடலில் ஊறும் சளியோடு மணலையும் சேற்றையும் குழைத்துத் தோல்போன்ற குழாய் ஒன்றைக் கட்டி, ஆயுள் முழுக்க அதிலேயே குடியிருக்கும். வெளியே விரிந்திருக்கும் தோகைதான் அதற்கு மூச்சு, வலை, சல்லடை எல்லாம். தண்ணீரில் மிதந்து வரும் துகள்களைத் தோகை பிரிக்கும்: பொடியானது வாய்க்கு, நடுத்தரமானது வீடு கட்ட, பெரியது வெளியே.

மேலே ஒரு கை நிழல் விழட்டும், தோகை காணாமல் போகும். இறகுகளிலேயே கண்புள்ளிகள் இருக்கின்றன. உடல் நெடுக ஓடும் பருத்த நரம்பு சேதியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடத்திவிடும். மிக்சிகோலா என்ற இதன் உறவுக்காரப் புழுவின் நரம்பிழை அவ்வளவு பருமன் என்பதால், நரம்பில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்று அறிய விஞ்ஞானிகள் அதைத் தேடிப் பிடித்தார்கள்.

வளர்ப்பதில் உள்ள சங்கடம் சுத்தம்தான். ஃபில்டரும் ஸ்கிம்மரும் இரவுபகலாக ஓடித் தண்ணீரைப் பளிங்காக்கும்போது, புழுவின் சோறும் கூடவே போய்விடுகிறது. மீனுக்குப் போடும் குருணை இதன் வாய்க்குப் பெரிது. நானோகுளோராப்சிஸ் போன்ற, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளைத் தண்ணீரில் கலந்து, ஸ்கிம்மரைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு, தோகைக்கு முன்னால் மெல்ல விட வேண்டும். அதிகம் ஊற்றினால் தண்ணீர் கெடும். அதனால் நேற்று அமைத்த தொட்டிக்கு இது சரிவராது. சில மாதங்கள் ஓடிப் பழகிய தொட்டியில்தான் நிலைக்கும்.

இந்த ஊரின் மே மாதம் இன்னொரு சோதனை. தொட்டி 25, 26 டிகிரியில் இருந்தால் நல்லது. சில்லர் வாங்க வசதியில்லாதவர்கள் மேலே மின்விசிறி வைக்கிறார்கள். அது தண்ணீரை ஆவியாக்கும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நல்ல ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் செறிவு ஏறிக்கொண்டே போகும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்ததென்று தாமிர மருந்தைத் தொட்டியில் விட்டால் புழு பிழைக்காது. பட்டாம்பூச்சி மீன்களோ தோகையையே கொத்தித் தின்னும்.

வாங்கும்போது, எங்கே பிடித்தது என்று கடைக்காரரிடம் கேட்பது வீண் விசாரணை அல்ல. ஹவாயின் கனியோஹே விரிகுடாவில் இந்தப் புழுவைப் பிடுங்கப் பாறையையே உடைத்ததுண்டு. அதனால்தான் அதைப் பண்ணையில் வளர்க்க முடியுமா என்று அங்கே ஆய்வு நடந்தது. நம் பக்கம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது.

புதிதாக வாங்கியவர்களைப் பதறவைக்கும் காட்சி ஒன்று உண்டு: ஒருநாள் காலையில் தோகை தனியே உதிர்ந்து மணலில் கிடக்கும். பசியோ, இடமாற்றத்தின் அதிர்ச்சியோ காரணமாக இருக்கும். புழு செத்துவிட்டதென்று குழாயைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. தீனி தொடர்ந்து கிடைத்தால், சில வாரங்களில் முதலில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் புதுத் தோகை எட்டிப் பார்க்கும்.