வீடு கரிக்கலாம்பாக்கத்துல, ஓனர் பாரிஸ்ல... வீட்டு வரியை யார் பேர்ல கட்டணும்?

"தம்பி, இந்த வருஷ வீட்டு வரி கட்டியாச்சா? ரசீதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பு."

பிரான்ஸில் சொந்தக்காரர்கள் இருக்கும் புதுச்சேரி கிராமத்துக் குடும்பங்களுக்கு இந்த மெசேஜ் ஒன்றும் புதிதல்ல. கரிக்கலாம்பாக்கம், பாகூர், வில்லியனூர் எந்தப் பக்கம் போனாலும் 'இது சொல்தா வீடு', 'இது பிரான்ஸ்காரங்க வீடு' என்று கைகாட்டுவார்கள். கேட்டில் பூட்டு தொங்கும். சாவி ஊரில் இருக்கும் அண்ணன் மகனிடமோ தங்கச்சி மகளிடமோ இருக்கும். வரி கட்ட கொம்யூன் அலுவலகத்துக்குப் போவதும் அவர்கள்தான். ஒருவேளை நீங்களாகவும் இருக்கலாம்.

'ஓனர் வெளிநாட்டுக் குடிமகன்னா வரி ஜாஸ்தியா? நான்தான் வருஷா வருஷம் கட்டுறேன், நாளைக்கு இந்த வீட்டுல எனக்கு உரிமை வருமா? மாமா அங்கேயும் வரி கட்டணுமா?' இந்த மூன்று சந்தேகமும் எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இத்தனை பேர் எப்படி பிரெஞ்சுக்காரர் ஆனாங்க?

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால், சட்டப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அமலுக்கு வந்தது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு வாய்ப்பு இருந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்தவர்களில் பிரெஞ்சு ராணுவத்திலும் அரசு வேலையிலும் இருந்தவர்கள் நிறைய பேர். அவர்களின் பேரன், பேத்திகள்தான் இன்று பாரிஸ் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் வீடும் வைத்திருக்கிறார்கள்.

அதனால் 'வெளிநாட்டு வீட்டுக்காரர்' என்பது இங்கே நம்ம பெரியப்பாவும் அத்தையும்தான்.

ஒரே வீடு, மூணு கேள்வி

இந்த விஷயத்தில் குழப்பம் வருவதற்குக் காரணம், எல்லாமே ஒரே 'வரி' என்று நினைப்பது. உண்மையில் ஒரே வீட்டைப் பற்றி மூன்று சட்டங்கள் மூன்று வேறு கேள்விகளைக் கேட்கின்றன.

கொம்யூன் கேட்பது: கட்டடம் எப்படிப்பட்டது?

வருமான வரித்துறை கேட்பது: ஓனர் எந்த நாட்டில் வசிக்கிறார்?

அந்நியச் செலாவணிச் சட்டம் கேட்பது: அவர் கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட், அவர் இந்திய வம்சாவளியா?

இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கொம்யூன் பாஸ்போர்ட்டைக் கேட்காது

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் இருக்கின்றன. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு ஆகிய ஐந்தும் புதுச்சேரி பகுதிக் கொம்யூன்கள். மற்ற ஐந்து காரைக்காலில். கிராமங்களில் வீட்டு வரி வசூலிப்பது 1973-ம் ஆண்டின் கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள் சட்டத்தின் கீழ்.

இந்தியாவில் உள்ளாட்சிகள் வீட்டு வரி போட பொதுவாக மூன்று வழிகள் உண்டு. வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு எவ்வளவு வரும் என்று பார்ப்பது ஒன்று. வீட்டின் மொத்த மதிப்பைப் பார்ப்பது இன்னொன்று. பரப்பளவை அடிப்படையாக வைத்துப் பார்ப்பது மூன்றாவது. எந்த வழியாக இருந்தாலும் அளவெடுப்பது கட்டடத்தைத்தான். ஓனர் பிரெஞ்சுக்காரர் என்பதற்காக ஒரு ரூபாய்கூட கூடாது, குறையவும் குறையாது.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. கனடாவின் வான்கூவர் நகரம், யாரும் குடியிருக்காமல் கிடக்கும் வீடுகளுக்கு 2017-லிருந்து தனி வரி போடுகிறது. இப்போது அது வீட்டு மதிப்பில் 3 சதவீதம். பிரான்ஸிலேயே வீட்டு நெருக்கடி உள்ள பகுதிகளில், இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களின் குடியிருப்பு வரியில் 5 முதல் 60 சதவீதம் வரை கூடுதலாக வாங்கும் அதிகாரம் நகராட்சிகளுக்கு இருக்கிறது. அங்கே இதையெல்லாம் பார்த்த மாமா, "ஊர்ல வரி ரொம்ப வருமோ?" என்று பயப்படுவது அதனால்தான். 'மாமா, அந்தக் கதை இங்க இல்ல' என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால், தொகை சின்னது என்று அசட்டையாக விட்டால் வேறு சிக்கல். வரிக் கேட்பு பாரிஸுக்குப் போகாது. பூட்டின கேட்டுக்குத்தான் வரும். நாலைந்து வருஷம் யாரும் கவனிக்கவில்லை என்றால் பாக்கி சேர்ந்துகொண்டே இருக்கும். வீட்டை விற்கும்போது, வாங்க வருபவர் கேட்கும் முதல் தாள்களில் ஒன்று கடைசி வருஷ வீட்டு வரி ரசீது.

ரசீதுல யார் பேரு?

குடும்பங்கள் உடைவது இந்த இடத்தில்தான்.

தாத்தா இறந்து பல வருஷம் ஆகியும் ரசீது அவர் பெயரிலேயே வரும். 'யார் கட்டினா என்ன, கட்டுறோம்ல' என்று விட்டுவிடுவார்கள். இல்லையென்றால், வசதிக்காக ஊரில் இருக்கும் தம்பி தன் பெயருக்கு மாற்றிக்கொள்வார். இருபது வருஷம் கழித்து பிரான்ஸிலிருந்து பிள்ளைகள் வந்து கேட்கும்போது சண்டை தொடங்கும். "நான்தான் வரி கட்டுறேன், என் பேர்லதான் ரசீது, வீடு எனக்குத்தான்" என்று ஒரு தரப்பு. "எங்க அப்பா சம்பாத்தியம்" என்று இன்னொரு தரப்பு.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வரி ரசீது என்பது வரி கட்டியதற்கான சான்று மட்டும்தான். அது சொத்துப் பத்திரம் ஆகாது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் மட்டும் சொத்துரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2012-ல் கோவாவைச் சேர்ந்த உடன்பிறந்தவர்களுக்கு இடையிலான வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டைப் பார்த்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டவர் எத்தனை வருஷம் அங்கே இருந்தாலும், அதனால் அவருக்கு அந்த வீட்டில் உரிமை உண்டாகாது என்றது.

அதாவது, வரி கட்டும் நீங்கள் ஓனர் ஆக மாட்டீர்கள். அதே நேரம் நீங்கள் கட்டிய பணம் கணக்கில் வராமலும் போகக் கூடாது. யார் பணத்தில், எந்த வருஷத்துக்கு, எவ்வளவு கட்டினோம் என்று ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இரண்டு தரப்புக்கும் அது பாதுகாப்பு.

ஓனர் இறந்துவிட்டால் வாரிசுகள் பெயருக்கு மாற்ற கொம்யூன் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். பத்திரம், இறப்புச் சான்று, வாரிசு விவரம், பழைய ரசீது இவை அடிப்படை. இறப்பு பிரான்ஸில் நடந்திருந்தால் சான்று பிரெஞ்சில் இருக்கும் என்பதால், மொழிபெயர்ப்பும் சான்றொப்பமும் தேவைப்படும்.

பங்கு பிரிப்பதில் புதுச்சேரிக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. 1881-ல் வந்த பிரெஞ்சு ஆணையின் கீழ், தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்களை 'ரெனோன்சான்' என்பார்கள். அவர்கள் வழி வந்தவர்களுக்குப் பாகம் பிரிப்பது அந்தச் சட்டப்படிதான். உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் எழுதித் தர்றாங்களா?

வரி கட்ட மட்டும் என்றால் பவர் பத்திரம் தேவையில்லை. பணத்தை யார் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ரசீது ஓனர் பெயரில் வரும். பெயர் மாற்றம், வாடகை ஒப்பந்தம், விற்பனை என்று வரும்போதுதான் பவர் வேண்டும். பிரான்ஸில் எழுதிய பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

இன்னொன்று: பவர் கையில் இருப்பதால் வீடு உங்களுடையது ஆகாது. பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து 'விற்றதாக' எழுதிக்கொண்டால் சொத்து கைமாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாடகைக்கு விட்டால்தான் பெரிய கணக்கு

வருமான வரித்துறைக்கும் பாஸ்போர்ட் முக்கியமில்லை. எங்கே வசிக்கிறார் என்பதுதான் முக்கியம். பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டு கரிக்கலாம்பாக்கத்திலேயே இருக்கும் தாத்தா, பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தாலும் வரிக் கணக்கில் இந்தியவாசி. இந்திய பாஸ்போர்ட்டோடு பாரிஸில் வேலை பார்க்கும் அண்ணன்தான் வெளிநாட்டுவாசி.

வெளிநாட்டில் வசிக்கும் ஓனருக்கு வாடகை கொடுப்பவர், 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 'சின்ன வாடகைதானே' என்று தப்பிக்க இதில் குறைந்தபட்ச வரம்பே இல்லை.

ஓர் உதாரணக் கணக்கு: மாத வாடகை 12,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,44,000. இதில் வாடகைக்காரர் பிடிக்க வேண்டியது 44,928 ரூபாய். ஆனால், உண்மையில் வரி போடும் வருமானம் அவ்வளவு இல்லை. கட்டிய வீட்டு வரி 4,000 என்று வைத்தால் மீதி 1,40,000. அதில் 30 சதவீதம், அதாவது 42,000 கழிவு. கடைசியில் நிற்பது 98,000. இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் இது வரி விலக்கு வரம்புக்குள்தான் வரும். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்த 44,928 ரூபாயும் திரும்பக் கிடைக்கும். தாக்கல் செய்யாவிட்டால் கிடைக்காது.

இதில் கவனிக்க வேண்டியது, வீட்டு வரிக் கழிவு அந்த வருஷம் நிஜமாகவே கட்டியிருந்தால்தான், அதுவும் ஓனர் கட்டியிருந்தால்தான் கிடைக்கும். மாமா ரசீது கேட்பதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

பிரான்ஸ்லயும் கட்டணுமா?

பிரான்ஸ் நகராட்சிகள் வாங்கும் நில வரியும் குடியிருப்பு வரியும் அங்கே இருக்கும் வீட்டுக்கு மட்டும்தான். கரிக்கலாம்பாக்கம் வீட்டுக்கு அவை வராது. ஆனால், பிரான்ஸில் வசிப்பவர் தன் உலக வருமானம் முழுவதையும் அங்கே காட்ட வேண்டும். ஊரில் வரும் வாடகையும் அதில் சேரும். இரண்டு தடவை வரி விழாமல் இருக்க 1992-ல் இந்தியாவும் பிரான்ஸும் போட்ட ஒப்பந்தம் கைகொடுக்கும். வாடகை விழும் இந்திய வங்கிக் கணக்கையும் அங்கே தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு கணக்குக்கு 1,500 யூரோ அபராதம்.

கடைசியா பாஸ்போர்ட் கேள்வி

இந்தியாவோடு 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இணைந்த பகுதியைச் சேர்ந்தவர்களும் ஓசிஐ அட்டைக்குத் தகுதியானவர்கள் என்று குடியுரிமைச் சட்டமே சொல்கிறது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் இதில் வருவார்கள். அவர்களின் பிள்ளைகள், பேரன்கள், கொள்ளுப்பேரன்கள்கூட விண்ணப்பிக்கலாம். அட்டை இருந்தால் வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். 'சீக்கிரம் பிளாட் ஆகிடும்' என்று யாராவது வயலைக் காட்டினால், அத்தையை அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்த வாரம் வீட்டில் பத்து நிமிஷம் கிடைத்தால் ஒன்றை மட்டும் செய்யுங்கள். கடைசி வீட்டு வரி ரசீதை எடுத்து அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெயர்க்காரர் உயிரோடு இல்லையென்றால், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் இருக்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிடுங்கள். பெரியவர்கள் இருக்கும்போது ஒரு மனுவோடு முடிகிற வேலை, அவர்கள் போன பிறகு கோர்ட் வாசலில்தான் போய் நிற்கும்.