நத்தை தின்னும் பாம்பு



மழைக்காலத்தில் நத்தை செய்கிற அட்டூழியம் உங்களுக்குத் தெரியாததல்ல. விடிந்து போய்ப் பார்த்தால் பப்பாளி நாற்று மொட்டையாய் நிற்கும். இந்த நத்தையையே நம்பி வாழ்கிற பாம்பு ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா?

தைவானுக்குப் பக்கத்தில், ஜப்பானுக்குச் சொந்தமான இஷிகாக்கி, இரியோமோத்தே என்ற தீவுகளின் காட்டில் இருக்கிறது இவாசாக்கி பாம்பு. பழுப்பு நிறம், இரண்டடி நீளம். விஷம் இல்லை. ராத்திரியில்தான் இரை தேடும். இதன் பங்காளிப் பாம்பு நம் நாட்டிலேயே அசாம், டார்ஜிலிங் மலைக்காடுகளில் உண்டு.

இது ஓட்டை உடைப்பதில்லை. தலையை இடப்பக்கம் சாய்த்து, மேல்தாடையை ஓட்டின் மேல் ஊன்றி, கீழ்த்தாடையை உள்ளே விடும். பிறகு வலது, இடது என்று தாடையை மாற்றி மாற்றி இழுத்துச் சதையை உருவிவிடும். வெறும் ஓடு கீழே விழும்.

ஒரு நத்தையை எடுத்து, கூர்முனை மேலேயும் வாய் உங்களைப் பார்த்தும் இருக்கிற மாதிரி பிடியுங்க. வாய் வலப்பக்கம் இருக்கும். அநேகமாக எல்லா நத்தையும் இப்படித்தான். சங்கிலே வலம்புரி எவ்வளவு அபூர்வமோ, நத்தையிலே எதிர்ச்சுற்று அவ்வளவு அபூர்வம். பாம்பின் பல்லும் இதற்குத் தகுந்தபடியே! 2007-ல் வெளியான ஆராய்ச்சியில் எண்ணிப் பார்த்தார்கள்: கீழ்த்தாடையில் இடப்பக்கம் சராசரி 17, 18 பல், வலப்பக்கம் 25. எதிர்ச்சுற்று நத்தை எதிர்ப்பட்டால் பிடி நழுவி, பெரும்பாலும் நத்தை தப்பித்துக்கொள்ளும்.

"அப்படியானால் இதைக் கொண்டுவந்து தோட்டத்தில் விடலாமே?" என்று கேட்பீர்கள். வேண்டாங்க. நம்மைப் படுத்துகிற ஆப்பிரிக்க நத்தையே 1847-ல் மொரீஷியஸிலிருந்து ஒருவர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டதுதான். அதே நத்தையை ஒழிக்க ஹவாய்த் தீவுகளில் 1955-ல் நத்தை தின்னும் ஓநாய் நத்தையை இறக்கினார்கள். அது அந்த மண்ணுக்கே உரிய சிறு நத்தைகளைத் தின்று, பல இனங்கள் பூண்டற்றுப் போகக் காரணமாயிற்று. ஆப்பிரிக்க நத்தையோ ஒழியவில்லை.

நமக்குக் கையால் பொறுக்குவதுதான் வழி. சாயங்காலம் வரப்போரம் நனைந்த சாக்கை விரித்து, முட்டைக்கோஸ் தழையோ பப்பாளி இலையோ போட்டு வையுங்க. விடியற்காலையில் சாக்கடியில் நத்தை கூடியிருக்கும். வெறுங்கையால் தொடாமல் உறை போட்டுப் பொறுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீரை மட்டும் வயலில் கொட்டிவிடாதீர்கள்.