அசல் தளமா, போலித் தளமா? செல்போன் வைத்திருக்கும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

சான்று பெற்ற விதை மூட்டையில் நீல நிற அட்டை கட்டியிருக்கும். ஆதார விதை என்றால் அட்டை வெள்ளையாக இருக்கும். அட்டையில் உள்ள விவரத்தைப் படித்த பிறகே அனுபவமுள்ள விவசாயி பணத்தை எடுத்து வைப்பார். மூட்டையின் மேல் அச்சிட்ட கதிர்ப் படத்தைப் பார்த்து அவர் விதை வாங்குவதில்லை. ஆனால் அதே விவசாயி, செல்போனில் ஒரு பக்கம் திறந்ததும் அதிலுள்ள அரசு முத்திரையையும் தலைவர்களின் படத்தையும் கண்டு நம்பிவிடுகிறார். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ரகசிய எண் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார். நஷ்டம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பட்டா நகல், சந்தை விலை, மழை அறிவிப்பு, பூச்சி மருந்து விவரம், உதவித்தொகை நிலவரம் ஆகிய அனைத்தும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. தாலுகா அலுவலகத்துக்கும் மண்டிக்கும் நடையாய் நடந்த வேலைகளில் பலவற்றை வீட்டுத் திண்ணையில் இருந்தே முடிக்கலாம். ஆகவே இணையத்தை ஒதுக்குவது லாபமல்ல. அதைச் சரியான முறையில் கையாளத் தெரிந்துகொள்வதே நல்லது.

பிரவுசர் என்பது என்ன?

இணையத்தில் உள்ள பக்கங்களைத் திறந்து காட்டும் கருவிக்குப் பிரவுசர் என்று பெயர். தமிழில் உலாவி என்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ 1990-ல் முதல் பிரவுசரை உருவாக்கினார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995 ஆகஸ்ட் 15-ல் கிடைக்கத் தொடங்கியது.

இப்போது ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் குரோம் பிரவுசரும், ஐபோனில் சஃபாரி பிரவுசரும் போனுடன் சேர்ந்தே வருகின்றன. ஃபயர்பாக்ஸ், எட்ஜ் போன்றவற்றை விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். எதைப் பயன்படுத்தினாலும் அதைப் புதுப்பித்து வைத்திருப்பது அவசியம். பழைய பிரவுசரில் உள்ள ஓட்டைகள் வழியாகத் திருட்டு மென்பொருள் நுழையக்கூடும். புதுப்பிக்கும் வேலையைப் பிளே ஸ்டோர் மூலம் மட்டுமே செய்ய வேண்டும். ஏதோ ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது நடுவில் "உங்கள் பிரவுசர் பழையது, இங்கே தொடவும்" என்று வந்தால் தொடக்கூடாது.

பிரவுசரையும் கூகுளையும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். கூகுள் தேடித் தரும் தளம். பிரவுசர் அதைத் திறந்து காட்டும் கருவி. தேடலில் முதலில் வருவது அரசுத் தளமாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது தவறு. பணம் கட்டியவர்களின் விளம்பரம் பல நேரங்களில் உச்சியில் நிற்கும். அதன் அருகே விளம்பரம் என்ற குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கும். வங்கி, உரக் கம்பெனி, டிராக்டர் கம்பெனி ஆகியவற்றின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடலில் கண்டு அப்படியே அழைப்பதும் ஆபத்து. போலி எண்களைப் பரப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வங்கி எண்ணைப் பாஸ் புத்தகத்தில் இருந்தோ, ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்தில் இருந்தோ எடுப்பதே பாதுகாப்பு.

முகவரியைப் படிக்கும் முறை

பிரவுசரில் உள்ள நீளமான கட்டத்தில் தளத்தின் முகவரி இருக்கும். அதைத் தொட்டால் முழுவதும் தெரியும். முகவரி ஆங்கில எழுத்தில் இருக்கும்; இங்கே ஒலிப்பின்படி தரப்படுகிறது.

தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டிப் படித்துக்கொண்டே போக வேண்டும். அடுத்து ஒற்றைச் சாய்கோடு வரும். அதற்குச் சற்று முன்னால் உள்ள சொற்கள்தான் தளம் யாருடையது என்பதைக் காட்டும். ஒற்றைச் சாய்கோடு இல்லையென்றால் முகவரியின் கடைசிச் சொற்களைப் பார்க்க வேண்டும். அங்கே "ஜிஓவி", ஒரு புள்ளி, "ஐஎன்" என்று முடிந்தால் அது இந்திய அரசுத் துறையின் தளம். தனியார் யாருக்கும் இந்த முடிவு தரப்படுவதில்லை. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முகவரி "டிஎன்ஏயு.ஏசி.ஐஎன்" என்று முடியும்.

பிரதமரின் விவசாயி உதவித்தொகைத் தளம் "பிஎம்கிசான்.ஜிஓவி.ஐஎன்". இதையே "பிஎம்கிசான்-ஜிஓவி-ஐஎன்.காம்" என்று எழுதினால் அது வேறு ஒருவருடைய தளம். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு இருக்கிறது. முடிவில் "காம்" வந்துவிட்டது. முன்பகுதியில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் யாரும் வைத்துக்கொள்ள முடியும். ஆகவே முகவரியின் தலையைப் பார்த்து ஏமாறாமல் அதன் வாலைப் பார்க்க வேண்டும்.

வங்கிகளுக்கும் இப்போது தனி அடையாளம் வந்துவிட்டது. இந்திய வங்கிகள் தங்கள் தளங்களை "பேங்க்.ஐஎன்" என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கியின் பெயரில் வரும் இணைப்பு வேறு விதமாக முடிந்தால் சந்தேகப்பட வேண்டும்.

முகவரியின் அருகே பூட்டுப் படம் இருந்தால் தளம் நம்பகமானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது சரியல்ல. போனுக்கும் தளத்துக்கும் இடையே போகும் விவரத்தை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்பதே பூட்டின் பொருள். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்வதில்லை. மோசடித் தளங்களும் பூட்டு வைத்துக்கொள்கின்றன. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 2023-ல் குரோம் பிரவுசரில் பூட்டுப் படத்தை நீக்கி வேறு குறியை வைத்தார்கள்.

பயன் தரும் தளங்கள்

நில ஆவணம்: தமிழக அரசின் "இசர்வீசஸ்.டிஎன்.ஜிஓவி.ஐஎன்" தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது சர்வே எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பட்டா விவரத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்க்கலாம். பிறர் காட்டும் பட்டா நகலில் உள்ள குறிப்பு எண்ணைக் கொடுத்து அது உண்மையானதா என்று சரிபார்க்கவும் வழி உண்டு. நிலம் வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் "டிஎன்ரெஜிநெட்.ஜிஓவி.ஐஎன்" தளத்தில் பார்க்கலாம்.

சந்தை விலை: 2000-ல் தொடங்கிய அக்மார்க்நெட் தளத்தில் சந்தை வாரியாக விலை வெளியாகிறது. குறைந்த விலை, அதிக விலை, மாதிரி விலை என மூன்று இருக்கும். அன்று பெரும்பாலான சரக்கு எந்த விலையில் விற்றதோ அதுவே மாதிரி விலை. அதிக விலையை நம்பி வண்டி ஏற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். மாதிரி விலையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். விலை குவிண்டாலுக்குச் சொல்லப்படும். குவிண்டால் 6,000 ரூபாய் என்றால் கிலோ 60 ரூபாய். இதில் சாக்கு, வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி ஆகியவற்றைக் கழித்த பிறகே உள்ளூர் வியாபாரி கேட்கும் விலையுடன் ஒப்பிட வேண்டும். பக்கத்தில் உள்ள தேதியையும் கவனிக்க வேண்டும். சென்ற வார விலை இந்த வாரத்துக்கு உதவாது. 2016 ஏப்ரல் 14-ல் தொடங்கிய இ-நாம் தேசிய வேளாண் சந்தைத் தளத்திலும் அதில் இணைந்த விற்பனைக்கூடங்களின் விலை நிலவரம் கிடைக்கும்.

வானிலை: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளம் "மௌசம்.ஐஎம்டி.ஜிஓவி.ஐஎன்". 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 204.4 மில்லிமீட்டர் வரை மிக கனமழை. ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். மாவட்ட வாரியான வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களில் வெளியாகிறது. மருந்து தெளிப்பதையும் மேலுரம் இடுவதையும் இந்த அறிக்கையைப் பார்த்து முடிவு செய்தால், தெளித்த மருந்து மழையில் கழுவிப்போகும் நஷ்டத்தைக் குறைக்கலாம்.

பயிர்ப் பாதுகாப்பு: வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் "அக்ரிடெக்.டிஎன்ஏயு.ஏசி.ஐஎன்" தளத்தில் பயிர் வாரியாகத் தமிழிலேயே விவரம் உள்ளது. தென்னையில் வரும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயை எடுத்துக்கொள்ளலாம். இது இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்டது. இணையத்தில் வெள்ளை ஈ என்று மட்டும் தேடினால் பருத்திக்கும் காய்கறிக்கும் சொன்ன மருந்துகள் வந்து நிற்கும். அவற்றைத் தென்னைக்கு அடித்தால், ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து மடிந்துவிடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும் பொறி, ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தல், ஒட்டுண்ணியைக் காப்பாற்றுதல் ஆகியவையே இதற்குப் பரிந்துரைக்கப்பட்ட முறைகள். ஆகவே தேடும்போது பயிரின் பெயர், பூச்சியின் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர் மூன்றையும் சேர்த்துத் தேட வேண்டும்.

சிறு வசதிகள், பெரிய உதவி

ஆங்கிலம் தெரியாதது ஒரு தடையல்ல. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-லேயே தமிழ் சேர்ந்துவிட்டது. குரோம் பிரவுசரின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் பக்கத்தைத் தமிழில் மாற்றும் வசதி இருக்கும். ஆனால் மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றை மூலப் பக்கத்திலும் சரிபார்க்க வேண்டும். எழுத்தைத் தட்டச் சிரமப்படுபவர்கள் விசைப்பலகையில் உள்ள மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினாலே போதும், அது எழுத்தாகிவிடும்.

அடிக்கடி பார்க்கும் தளத்தை ஒரு முறை முகவரி சரிபார்த்து, நட்சத்திரக் குறியைத் தொட்டுச் சேமித்துக்கொள்ள வேண்டும். மறுமுறை தேடலுக்குப் போகாமல் அங்கிருந்தே திறக்கலாம். போலித் தளத்தில் விழாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது என்றால், வீட்டிலேயே பக்கத்தை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் படிக்கலாம்.

"அறிவிப்புகளை அனுப்ப அனுமதிக்கவா?" என்று தெரியாத தளம் கேட்டால் மறுத்துவிட வேண்டும். அனுமதித்தால் விளம்பரமும் மோசடிச் செய்தியும் வந்துகொண்டே இருக்கும்.

பணம் பறிக்கும் வழிகள்

பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளில் வங்கிக் கணக்கில் சேருகிறது. தவணை வரும் சமயம் பார்த்து, "உங்கள் பணம் நிறுத்தப்பட்டுள்ளது, இதை நிறுவினால் கிடைக்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். அதன் பெயர் "ஏபிகே" என்று முடியும். அதை நிறுவினால் போனுக்கு வரும் குறுஞ்செய்திகளை எல்லாம் எதிரி படிக்க முடியும். வங்கி அனுப்பும் ஒரு முறை ரகசிய எண்ணும் அவன் கைக்குப் போய்விடும். 2,000 ரூபாயை எதிர்பார்த்தவர், பயிர்க்கடனுக்கும் உரத்துக்கும் வைத்திருந்த மொத்தப் பணத்தையும் இழக்க நேரிடும்.

தெரிந்தவர் அனுப்பியது என்பதற்காகவும் இத்தகைய கோப்பைத் திறக்கக்கூடாது. அவருடைய போனே எதிரியின் கையில் இருக்கலாம். இத்திட்டத்துக்கான ஆதார் சரிபார்ப்பை அரசுத் தளத்திலோ, பிளே ஸ்டோரில் உள்ள அரசுச் செயலியிலோ, பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தோ செய்துகொள்ளலாம். வேறு வழி தேட வேண்டியதில்லை.

யு.பி.ஐ. ரகசிய எண் பணம் அனுப்புவதற்குத் தேவை. பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை. "மானியம் அனுப்புகிறேன், எண்ணை அழுத்துங்கள்" என்று ஒருவர் சொன்னால் அது மோசடி.

நெட் சென்டரில் வேலை பார்ப்பவர்கள் மறைநிலைச் சாளரத்தைத் திறக்கச் சொல்லி அதில் பார்ப்பது நல்லது. கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, அந்தக் கணினியில் இறக்கிய ஆதார், பட்டா நகல்களை அழித்துவிட வேண்டும். மறைநிலைச் சாளரத்தை மூடினாலும் இறக்கிய நகல்கள் கணினியிலேயே இருக்கும்.

ஏமாந்துவிட்டால்

பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். "சைபர்கிரைம்.ஜிஓவி.ஐஎன்" தளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்கும் உடனே சொல்லிக் கணக்கை முடக்கச் செய்ய வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு விரைவாக மாறிவிடும் என்பதால் நேரம்தான் முக்கியம். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை மறைத்து வைத்தால் மீட்கும் வாய்ப்பு குறையும். வீட்டில் பிள்ளைகள் கோபிப்பார்களே என்று அஞ்சித் தாமதிப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். பிள்ளைகளும் இதை உணர வேண்டும்.

இணைய வசதி இல்லாதவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணைக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம். திரையில் படித்தது எதுவானாலும், பெரும் செலவுள்ள முடிவாக இருந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுச் செய்வது நலம்.