பிடுங்கும் முன் மிச்சம் பாருங்கள்

மலேசியாவின் மாசாயில் பல்வலி வந்தால் முதலில் கிராம்பு, அப்புறம் பனடோல். இரண்டும் கைவிட்டால், "பிடுங்கிடுங்க டாக்டர்." அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான், பிடுங்குவதும் சீக்கிரம் முடியும். ஆனால் டாக்டரின் கண் தேடுவது வேறு: சொத்தையைச் சுரண்டி எடுத்தபின் நல்ல பல் எவ்வளவு மிஞ்சும்? சிகிச்சை எது என்பதை அந்த மிச்சம்தான் முடிவு செய்கிறது.

முறிந்த எலும்பு கூடிவிடும். ஆனால் பல்லின் மேலோடான எனாமலில் உயிரணு இல்லை. குழிவிழுந்தால் தானாக வளராது.

முன்பு குழியை அடைக்க அமால்கம் என்ற வெள்ளிக் கலவைதான். அதில் ஏறக்குறைய பாதி பாதரசம். அது பல்லோடு ஒட்டாததால், கழன்று விழாமல் இருக்க, குழியின் வாயைவிட அடியை அகலமாகக் குடைய வேண்டும். அதில் நல்ல பல்லும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் அமால்கம் பயன்பாட்டைப் பெரும்பாலும் தடை செய்துவிட்டது.

வழியை மாற்றியவர் அமெரிக்கரான மைக்கேல் புவனகோர். பாஸ்பாரிக் அமிலம் தடவினால் எனாமலில் பிசின் பிடிக்கும் என்று 1955இல் காட்டினார். இன்றும் அதே வேலைதான். அமிலக் கூழைச் சில விநாடி வைத்துக் கழுவி உலர்த்தினால், அந்த இடம் சுண்ணாம்பு போல வெளுக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளில் பிசின் இறங்கும். அதன்மேல் பல் நிறத்துக் காம்பொசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்காக வைத்து, நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். ஒளி அதற்குமேல் ஆழமாகப் போகாது. அதனால்தான் அவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். எச்சில் பட்டால் பிடிப்பு போச்சு. கன்னத்தில் பஞ்சு திணிப்பதும் அதற்காகவே.

அடம்பிடிக்கும் குழந்தைக்கு இதெல்லாம் நடக்காது. பால்பல்லுக்குக் கிளாஸ் அயனோமர் சிமென்ட் போதும்: தானே ஒட்டும், ஈரத்தை ஓரளவு பொறுக்கும், புளோரைடும் கசியவிடும்.

சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை. வலி நின்றதும் பலர் கிரவுன் என்ற மூடியைப் போட்டுக்கொள்ளக் கிளினிக் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்குப் பிடிபடாத சிக்கனம் இது. உள்ளே குடைந்த கடைவாய்ப்பல்லின் சுவர் மெலிந்திருக்கும். மேலே கிரவுன் மாட்டாமல் முறுக்கைக் கடித்தால் நெடுக்காகப் பிளக்கலாம். வேர்வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

பிடுங்கிய இடத்தை நிரப்ப மூன்று வழி. பிரிட்ஜ் கட்டினால் பக்கத்துப் பற்களைத் தேய்க்க வேண்டும். இம்பிளான்ட் என்றால் டைட்டானியத் திருகு எலும்போடு சேரச் சில மாதங்கள் பிடிக்கும், செலவும் ஆயிரக்கணக்கில். கழற்றி மாட்டும் பல்செட் மலிவு. எதுவும் வேண்டாம் என்று இடைவெளியை அப்படியே விட்டால், பக்கத்துப் பல் அதில் சாயலாம். கடிப்பதற்கு ஜோடி இல்லாத எதிர்ப்பல்லும் மெல்ல நீளலாம்.