மாரிக்கால நாற்றுகளுக்கு ஒரு வளைவுப் பந்தல்

வீட்டுத் தோட்டத்திற் குறைந்த செலவில் உறுதியாக அமைக்கும் முறை

ஐப்பசியில் மழை தொடங்கியதும், வீட்டு வளவில் இட்ட மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுமேடைகள் ஓரிரு நாட்களில் அழிந்துபோவதைக் கமக்காரர் பலர் ஆண்டுதோறும் காண்கின்றனர். பெருந் துளிகள் இளநாற்றை மண்ணோடு சாய்க்கின்றன. தெறிக்கும் சேறு இலைகளில் அப்பிக்கொள்கிறது. ஈரம் வடியாத மேடையில் பங்கசு பெருகி, நாற்றின் அடித்தண்டை அழுகச் செய்கிறது. இதுவே நாற்றழுகல் நோய். மறுபடியும் விதையிட்டு நாற்று வளர்க்க மூன்று, நான்கு வாரங்கள் செல்லும். விதைக்குக் கொடுத்த பணத்துடன் போகத்தின் சிறந்த நாட்களும் போய்விடுகின்றன. பிந்தி நட்ட பயிர், மழை ஓய்ந்தபின் பூத்துக் காய்க்கும் வேளையில் நீருக்குத் தவிக்கும்.

இந்நட்டத்தைத் தவிர்க்க, 10 அடி அகலமும் 20 அடி நீளமுமுள்ள ஒரு வளைவுப் பந்தல் போதுமானது. வீட்டிலுள்ள இருவர் சேர்ந்து இதனை இரண்டொரு நாளில் அமைத்துவிடலாம்.

பந்தலின் நோக்கம்

பொலித்தீன் இல்லங்களும் கண்ணாடி இல்லங்களும் குளிர் நாடுகளில் வெப்பத்தைச் சேமித்து வைப்பதற்காகத் தோன்றியவை. நமது தாழ்நிலங்களில் வெப்பத்துக்குக் குறைவில்லை. நமக்கு வேண்டியது மழைக்கு ஒரு குடையே. அந்நாட்டு முறையைப் பார்த்து நாற்புறமும் பொலித்தீனால் மூடினால், நண்பகலில் உள்ளே அடுப்பைப் போன்ற வெக்கை உண்டாகும். பகல் வெப்பம் 35 பாகை செல்சியசை மிஞ்சினால் தக்காளியின் பூ காய் பிடியாது உதிரும். ஆதலின் கூரையை மூடுங்கள். பக்கங்களைத் திறந்து விடுங்கள். நுவரெலியா போன்ற உயர்ந்த இடங்களில், உறைபனி விழும் தை, மாசி இரவுகளில் மட்டும் பக்கங்களை மூடிக் காலையில் திறந்துவிடுதல் பொருந்தும்.

மற்றுமொரு கருத்தையும் மனத்திற் கொள்ளுங்கள். பந்தலைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் பாரமன்று. காற்று அதனை மேலே தூக்குவதே. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். கூரையைத் தாங்கி நிறுத்துவதிலும் பார்க்க, நிலத்தோடு இறுக்கிக் கட்டி வைப்பதிலேயே அதிக கவனம் வேண்டும்.

இடமும் திசையும்

காலை முதல் மாலை வரை வெயில் படும், நீர் தேங்காத மேட்டு நிலத்தைத் தெரிந்தெடுங்கள். தென்னையின் கீழ் அமைக்க வேண்டாம். ஒரு மட்டை விழுந்தாலே கூரை கிழிந்துவிடும். கிணறு அருகில் இருத்தல் நன்று.

மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. கோடையிற் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்தவை. பந்தலின் நீளப் பக்கத்தையும் அக்கோட்டிலேயே வைத்தால் இரு பருவக் காற்றுகளும் ஒடுங்கிய முகப்பையே தாக்கும். காற்று ஒரு முகப்பாற் புகுந்து மறு முகப்பால் வெளியேறுவதால் உள்வெக்கையும் தணியும். வடகிழக்குப் பக்கத்தில் 15 அடி தள்ளிக் கிளிரிசிடியா வேலி இருப்பின் காற்றின் வேகம் மேலும் குறையும். பந்தல் 30 அடிக்கு மேல் நீளமாக வேண்டாம். நடுவில் உள்ள சூடான காற்று வெளியேறாது.

வேண்டிய பொருட்கள்

1. ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாய், 20 அடி நீளத்தில் 6. மெல்லிய வடிகாற் குழாயை வாங்க வேண்டாம். நீரின் அழுத்தத்தைத் தாங்கும் தடித்த குழாயே வளைவுக்கு உகந்தது.
2. 16 மில்லிமீற்றர் கொங்கிறீற்றுக் கம்பி, 4 அடித் துண்டுகள் 12.
3. கமுகஞ் சலாகை அல்லது பனஞ் சலாகை, 20 அடி நீளத்தில் 5. மூலைத் தாங்கிகளுக்கு 8 அடித் துண்டுகள் 4. பொலித்தீன் ஓரத்தைச் சுற்ற மெல்லிய நீண்ட தடிகள் 2.
4. புறவூதாக் கதிரைத் தாங்கும்படி செய்யப்பட்ட பொலித்தீன், 16 அடி அகலமும் 22 அடி நீளமும்.
5. பக்கங்களுக்கும் முகப்புகளுக்கும் பூச்சித் தடுப்பு வலை.
6. நாகம் பூசிய கட்டுக்கம்பி, நைலோன் கயிறு, பழைய சைக்கிள் ரியூப்.

பொலித்தீனில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாதாரண பொலித்தீன் வெயிலில் ஒரு போகத்துக்குள் நொறுங்கிப்போகும். கதிரைத் தாங்கும் பொலித்தீன், பேணினால் மூன்று ஆண்டளவுக்கு உழைக்கும். 500 கேஜுக்குக் குறையாத தடிப்புள்ளதை வாங்குங்கள்.

20 அடிக் குழாய் கிடைக்காவிடின், 13 அடித் துண்டையும் 7 அடித் துண்டையும் இணைப்பியும் பசையும் கொண்டு ஒட்டலாம். இணைப்பு உச்சியில் வரலாகாது. வளைவு மிகுந்த அவ்விடத்திலேயே அது முறியும். ஒரு வளைவில் இணைப்பு வலப்புறம் இருந்தால், அடுத்த வளைவில் இடப்புறம் இருக்கட்டும்.

சட்டம் அமைத்தல்

முதலில் நான்கு மூலைகளிலும் முளையடித்துக் கயிறு கட்டுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவுகளும் 22 அடி 4 அங்குலமாக இருத்தல் வேண்டும். அவை ஒத்திராவிடின் மூலைகள் சரியில்லை, முளைகளைத் திருத்துங்கள்.

இரு நீளப் பக்கங்களிலும் 4 அடிக்கு ஒன்றாக, பக்கத்துக்கு 6 கம்பிகளை 2 அடி ஆழத்துக்கு இறக்குங்கள். மேலே 2 அடி நிற்கட்டும். மணற் பாங்கான நிலத்தில் கம்பி இன்னும் ஓரடி நீண்டு, மூன்றடி ஆழத்துக்கு இறங்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்று சுண்ணக்கல் மேலே உள்ள இடங்களில், அலவாங்கினாற் குழி தோண்டிக் கம்பியைக் கொங்கிறீற்றில் நிறுத்துங்கள்.

குழாயின் ஒரு முனையை ஒரு பக்கக் கம்பியிற் செருகி, இருவர் சேர்ந்து மெல்ல வளைத்து, மறு முனையை எதிர்ப்பக்கக் கம்பியிற் செருகுங்கள். நடு உயரம் ஏறத்தாழ 7 அடி வரும். நிமிர்ந்து நின்று வேலை செய்யலாம். ஆறு வளைவுகளும் நின்றபின் முகப்பில் நின்று பாருங்கள். ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருந்தால், கூரை தொய்ந்து நீர் தேங்கும்.

பின்னர் ஐந்து சலாகைகளையும் பொருத்துங்கள். ஒன்று உச்சியின் உட்புறம் செல்லும். இரண்டு, நிலத்திலிருந்து 3 அடி உயரத்தில் பக்கத்துக்கு ஒன்றாகச் செல்லும். இரண்டு, குழாய்களின் அடியோரமாக நிலத்திற் கிடக்கும். வளைவும் சலாகையும் சந்திக்கும் ஒவ்வோரிடத்திலும் ரியூப் பட்டியால் இறுகக் கட்டுங்கள். ரியூப், குழாயை அறுக்காது, நெகிழவும் மாட்டாது. நிலத்திற் படும் சலாகைகளுக்கு முன்னரே கழிவு எண்ணெய் பூசிக் காயவிட்டால் கறையான் எளிதில் அண்டாது.

நான்கு மூலைகளிலும் தாங்கி ஒவ்வொன்றாகச் சாய்வாக வைத்து, முகப்பு வளைவின் தோளிலிருந்து அடுத்த வளைவின் அடிவரை கட்டுங்கள். இவை இல்லாத சட்டம் சீட்டுக்கட்டுப் போல ஒரு பக்கம் சரிந்துவிடும்.

நங்கூரக் கற்கள்

குழாய் கம்பியின்மேற் செருகப்பட்டுள்ளதேயன்றி, அதனாற் பிடிக்கப்படவில்லை. பலத்த காற்று அதனை உருவி எடுத்துவிடும். ஆதலின், குழாயின் அடியில் துளையிட்டுக் கட்டுக்கம்பி கோத்து, அடிச்சலாகையோடு முறுக்குங்கள். அடிச்சலாகையை நிலத்தோடு பிடிக்க, மூலைகளிலும் நடுவிலுமாகப் பக்கத்துக்கு மூன்று குழிகள் 2 அடி ஆழத்துக்குத் தோண்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெருங் கல்லைக் கம்பியாற் சுற்றி இறக்கி, கம்பியின் மறு முனையை அடிச்சலாகையிற் கட்டி, மண்ணிட்டு இடியுங்கள். செலவற்ற வேலை இது. எனினும் பந்தலின் ஆயுள் இவ்வாறு கற்களிலேயே தங்கியுள்ளது.

கூரை போர்த்தல்

வெயிலிற் சூடேறிய பி.வி.சி. குழாய், தன்மேற் படும் பொலித்தீனை விரைவிற் கெடுக்கும். குழாயின் மேற்புறத்தில் வெள்ளைப் பூச்சு பூசுங்கள். அல்லது பழஞ் சீலைப் பட்டியைச் சுற்றுங்கள். கம்பி முனைகள் யாவற்றையும் உட்புறம் மடித்துவிடுங்கள்.

காற்று அடங்கிய காலைப்பொழுதிற் பொலித்தீனை விரியுங்கள். முகப்புகளில் ஓரடி வெளியே நீட்டி நிற்கட்டும். இரு பக்க ஓரங்களையும் மெல்லிய தடிகளிற் சுற்றி, 3 அடி உயரத்திலுள்ள சலாகையோடு கயிற்றாற் கட்டுங்கள். ஆணி அடிக்க வேண்டாம். ஆணித்துளையிலிருந்தே கிழிவு தொடங்கும். முடிச்சுகள் கையால் அவிழ்க்கக் கூடியனவாக இருத்தல் வேண்டும். இறுதியாக, வளைவுகளுக்கு இடையிலுள்ள ஐந்து இடைவெளிகளிலும் கூரையின்மேல் நைலோன் கயிறு எறிந்து, இரு புறத்து அடிச்சலாகைகளிலும் இழுத்துக் கட்டுங்கள். இக்கயிறுகள் பொலித்தீன் படபடக்காமற் காக்கும்.

கூரைக்குக் கீழே 3 அடி இடைவெளியிலும் இரு முகப்புகளிலும் வலை கட்டுங்கள். மிளகாயின் இலைச்சுருளுக்குக் காரணமான வைரசைப் பரப்பும் வெண்ணீ நாற்றுப் பருவத்திலேயே தாக்குவதால், நாற்றுகளுக்கு வலை மிக்க பயன் தரும். பாகல், பீர்க்கு முதலியவற்றை வளர்ப்பதாயின் பூக்கும் காலத்தில் வலையை நீக்குங்கள்; தேனீ வராவிடின் காய் பிடியாது.

மேடையும் நீரும்

உள்ளே மூன்றரை அடி அகலமான இரண்டு மேடைகளும் நடுவே 2 அடி வழியும் கொள்ளும். மேடை 6 அங்குலம் உயரட்டும். வைக்கோலையும் உமியையும் மாறி மாறிப் பரப்பி எரித்து மேடை மண்ணைத் தொற்றுநீக்கும் வழக்கம் உங்களுக்குப் புதியதன்று. அதனைப் பொலித்தீன் போர்க்கும் முன்னரே, குழாய்களை நிறுத்துவதற்கும் முன்னரே செய்து முடியுங்கள்.

ஓரங்குல மழை பெய்தால் இக்கூரையிலிருந்து 400 லீற்றருக்கு மேற்பட்ட நீர் வழியும். அந்நீர் உள்ளே புகாதபடி, சுற்றிலும் ஓரடி அகலமும் 9 அங்குல ஆழமுமுள்ள வாய்க்கால் வெட்டி, தாழ்ந்த பக்கத்துக்கு விடுங்கள்.

வெளியே மழை கொட்டினாலும் உள்ளேயுள்ள மண் காய்கின்றது என்பதை மறவாதீர்கள். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காலையில் பூவாளியால் அளவாக நீரூற்றுங்கள். மாலையில் ஊற்றிய நீர் இரவு முழுதும் இலையில் தங்கி நோயை வளர்க்கும். தக்காளி ஏறத்தாழ 3 வாரங்களிலும், கத்தரி 4 வாரங்களிலும், மிளகாய் 5 வாரங்களிலும் நடுவதற்கு ஆயத்தமாகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்னிருந்து நீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நாற்றை வெளி வெயிலுக்குப் பழக்குங்கள். பந்தலில் வளர்ந்த மெல்லிய நாற்றைத் திடீரென வெளியில் நட்டால் வாடிவிடும்.

நாற்று எடுத்தபின் பந்தலை வெறிதே விட வேண்டியதில்லை. கறிமிளகாய், தக்காளி, கீரை என்பவற்றை வீட்டுத் தேவைக்கு வளர்க்கலாம். பெரும்போக நெல்லை அறுத்தபின் மேட்டு வயலிற் காய்கறி நடுபவர்கள், அதற்கான நாற்றையும் தை மாதத்தில் இங்கேயே ஆயத்தஞ் செய்யலாம். ஆனால் மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றும் ஒரே குடும்பத்தன. ஒரே மேடையில் இவற்றையே தொடர்ந்து வளர்த்தால் பற்றீரிய வாடலும் வேர்முடிச்சுப் புழுவும் மண்ணில் நிலைகொள்ளும்.

மழை படாத மண்ணில், கிணற்று நீரிலுள்ள உப்பும் இட்ட பசளையின் உப்பும் கழுவப்படாது தேங்கும். மண்ணின்மேல் வெண்படலம் தோன்றுவது இதன் அறிகுறி. ஆண்டுக்கு ஒருமுறை, நாற்று இல்லாத மழை நாட்களில் கூரையைச் சுருட்டி, மழை மண்ணைக் கழுவ இடங்கொடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால்

1964 டிசெம்பரில் வட பகுதியையும், 1978 நவம்பரில் மட்டக்களப்பையும் சூறாவளி தாக்கியது. 2020 டிசெம்பரிற் புரெவிப் புயல் திருகோணமலைக் கரையைக் கடந்தது. மூன்றும் நாம் நாற்று வளர்க்கும் மாரிப் பருவத்தை ஒட்டியே வந்தன. எவ்வளவு உறுதியாகக் கட்டினும் வீட்டுப் பந்தல் சூறாவளிக்கு நிற்காது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை வந்தவுடன், கயிறுகளை அவிழ்த்துப் பொலித்தீனைச் சுருட்டி வீட்டுக்குள் வையுங்கள். வலையையும் கழற்றுங்கள். வெறுஞ் சட்டத்தினூடே காற்று சென்றுவிடும். நாற்று மேடையை வைக்கோலாலும் ஓலையாலும் மூடிப் பாரம் வையுங்கள். சில நாற்றுகள் போகலாம். பொலித்தீனும் சட்டமும் எஞ்சும். முடிச்சுகளைக் கையால் அவிழ்க்கத்தக்கதாக இடும்படி கூறியது இதன் பொருட்டே.

ஆண்டுப் பராமரிப்பு

கடுங் கோடையில் பந்தலுக்கு வேலையில்லையாயின் பொலித்தீனைக் கழுவி, நிழலிற் காயவைத்து, எலி அண்டாத இடத்தில் மடித்து வையுங்கள். அதன் ஆயுள் நீளும். புரட்டாதியில் மீண்டும் போர்க்கும் முன், ரியூப் கட்டுகளையும் கற்களின் கம்பிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். கிழிந்த பொலித்தீனை வளவில் எரிக்கவோ மண்ணிற் புதைக்கவோ வேண்டாம், மீள்சுழற்சிக்குக் கொடுங்கள்.

இவ்வாண்டு மாரிக்கு முன் அமைக்க விரும்புவோர் ஆவணியிலேயே பொருட்களைச் சேர்த்து, புரட்டாதி முதல் வாரத்திற் சட்டத்தை நிறுத்துதல் நன்று. உங்கள் நிலத்தின் தன்மைக்கேற்ப ஆழத்தையும் திசையையும் தீர்மானிப்பதில் ஐயம் இருப்பின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவைகள் நிலையத்திலோ கேட்டறிந்து கொள்ளுங்கள்.