குளிர்நீரின் வரவு செலவு

புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவின் மொத்தக் கடைகளிலிருந்து கருவாட்டு மூட்டைகள் மலையகத்துக்கும் ஏறுகின்றன. தோட்டத்து லயன் வீட்டில் மீன் என்றால் பெரும்பாலும் கருவாடுதான். அதே மலையின் ஓடைகளில் 1882 முதல் வேறொரு மீனுக்குக் காசும் உழைப்பும் கொட்டப்பட்டன. அதன் பெயர் டிரவுட்.

பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. முட்டை பொரிய 10 பாகை செல்சியஸில் 41 நாள் ஆகும். 2 பாகைக்குக் கீழே போனால் ஏறத்தாழ 150 நாள். ஆகவே முட்டைகளைக் குளிரவைக்கப் பனிக்கட்டிக்குச் செலவிட்டது உண்மையில் நாட்களை வாங்கத்தான். 1864இல் தஸ்மேனியாவுக்குச் சுமார் 90 நாள் கடல்வழியே முட்டைகள் உயிரோடு போய்ச் சேர்ந்ததும் இந்தக் கணக்கினால்தான். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது இலங்கைக்கான தூரத்தை வெகுவாகக் குறைத்தது.

1896இல் துரைமாரின் இலங்கை மீன்பிடிக் கழகம் அமைந்தது. நுவரெலியாவில் மீன்குஞ்சு பொரிப்பகம் இயங்கியது. பழுப்பு டிரவுட் இங்கே தானாகப் பெருகவில்லை. ஓடையில் மீன் இருக்க வேண்டுமானால் மறுபடி மறுபடி குஞ்சு விட்டாக வேண்டும். பின்னால் வந்த ரெயின்போ டிரவுட் மட்டும் ஹோட்டன் சமவெளியில் வேரூன்றியது.

1 கிலோ எடையுள்ள தாய்மீன் ஏறத்தாழ 2,000 முட்டை தரும். வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையைச் சட்டியில் எடுத்து, ஆண்மீனின் விந்தைக் கலந்து, ஓடுநீர்த் தட்டில் பரப்புவார்கள். செத்த முட்டை வெள்ளையாகும். பொறுக்கி எறியாவிட்டால் பூஞ்சணம் பக்கத்து முட்டைக்கும் பரவும். 10 பாகையில் ரெயின்போ முட்டை பொரிய 31 நாள், அத்தனை நாளும் இந்த வேலை உண்டு. நூற்றுக்கு 80 பொரிந்து, அதில் பாதி விரலளவு வளர்ந்தால் 800 குஞ்சு. ஓடையில் பத்துக்கு ஒன்று தப்பி 250 கிராம் ஆனால், கைக்கு வருவது 20 கிலோ. 2,000 முட்டைக்கு இவ்வளவுதான்.

உயரமும் தன் பங்குக்கு வரி வாங்குகிறது. கொழும்பில் 28 பாகை நீர் ஒரு லீற்றருக்கு 7.8 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் நீர் 15 பாகைதான் என்றாலும் காற்றழுத்தம் குறைவதால் 8 மில்லிகிராம் அளவே கரையும். குளிர் கொடுத்ததில் பெரும்பகுதியை மலையே எடுத்துக்கொள்கிறது. நீர் நிற்காமல் ஓட வேண்டியது இதனால்தான்.

இத்தனைக்கும் பயன் யாருக்குப் போனது? அனுமதிச்சீட்டு வாங்கித் தூண்டில் போட்ட சிலருக்கு. ஓடைக்கரையில் கொழுந்து பறித்தவர்களுக்கு அல்ல. இன்னொரு இழப்பு இன்றும் தொடர்கிறது. ஹோட்டன் சமவெளியில் மட்டுமே வாழும் ஒருவகைச் சின்ன இறாலை டிரவுட் தின்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத அந்த உயிரை எந்தப் பொரிப்பகமும் திருப்பித் தராது.

 

டிரவுட்டைக் குளத்தில் அடைத்து வளர்த்தால் தப்பும் மீன் கூடும், தீனிச் செலவும் கூடும். அந்த 800 குஞ்சும் பிழைத்தால் 200 கிலோ மீன், ஏறத்தாழ 240 கிலோ தீனி. அதில் நூற்றுக்கு 40 பங்கு புரதம். அதன் ஒரு பகுதி கடல்மீன் தூளிலிருந்து. 1952இல் வந்த திலாப்பியாவோ நம் குளத்துப் பாசியைத் தின்று வளர்கிறது, தீனிக்குக் காசு கேட்பதில்லை.

பொரிப்பகத்தின் சமூகப் பெறுமதியைக் குளங்களில்தான் அளக்க வேண்டும் என்கிறேன். 1989இல் உள்நாட்டு மீன் விளைச்சல் 39,700 தொன் அளவு. 1990இல் சமயக் காரணம் காட்டி அரசு இத்துறைக்கான ஆதரவை நிறுத்தியது. குளங்களில் குஞ்சு விடுவதும் நின்றது. 1994இல் விளைச்சல் 12,000 தொன். அந்த ஆண்டே ஆதரவு திரும்பியது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை பிறந்தது. 2019இல் வளர்ப்பும் சேர்ந்து விளைச்சல் 90,000 தொன்னை எட்டியது. அதில் டிரவுட்டின் பங்கு மிகச் சொற்பம்.